இருபத்து மூன்றாவது முத்து

அவனுக்குக் கழுத்து கல்லாக இறுகிக் கிடந்தது. விரல் நுனிகளில் பட்டு நூல் அறுத்த கோடுகள்... வியர்வை பட்டாலே எரிந்தன. ராத்திரி மணி ஒன்று. நம் கிடங்குக்குப் பின்னால் போகிறதே, அந்தச் சாலைதான். ஒரு விளக்கும் எரியவில்லை. என் மச்சானின் கூட்டாளி தனியாக நடந்து வந்தான். நகைப் பட்டறையில் முத்து கோர்க்கிறவன். சட்டைப் பையில், துணியில் சுற்றிய ஒரு முத்துமாலை.

மாலைக்குச் சொந்தக்காரி செத்து மூன்று வருடம். மகள்தான் நூல் மாற்றக் கொண்டுவந்தாள்.

"அம்மா கழுத்துல கெடந்த வரைக்கும் பளபளன்னு இருந்துச்சுங்க. பெட்டியில வெச்சேன், மங்கிப் போச்சு."

"மேனிச் சூடு வேணும்மா முத்துக்கு. தெனமும் போடுங்க. சென்ட் படக் கூடாது. ஈரத்துணியால தொடச்சா போதும்."

இப்படிப் பாடம் சொன்னவன் அன்றைக்குச் செய்ததைக் கேளுங்கள். பதினாறு மணி நேர வேலை. கண் சொருகுகிறது. கழுவ வேண்டிய தங்கச் சங்கிலிகள் நாற்பது கிடந்தன. அவற்றோடு முத்துமாலையையும் அள்ளி, தங்கம் கழுவும் சூடான சோடாக் காரத் தண்ணீரில் போட்டுவிட்டான்.

பதறி எடுத்தான். மற்ற முத்துகள் தப்பின. கொக்கியிலிருந்து இருபத்து மூன்றாவது முத்தில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. அது வெங்காயம் மாதிரித் தோலுரிந்து கிடந்தது.

முதலாளி போன மாதமே சொல்லியிருந்தார்: "இன்னொரு பொருளக் கெடுத்தே, வாசல் அந்தப் பக்கம்." வீட்டில் மனைவி நிறைமாதம். ஒரு கண்ணாடி மணியை எடுத்து அந்த இடத்தில் கோர்த்து முடிச்சுப் போட்டான். விடிந்தால் மகள் வெளியூர் கிளம்புகிறாள். தன் வீட்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிட வேண்டும்.

சாலையில் பாதி தூரம்... சட்டைப் பை சுட்டது. காய்ச்சல்காரியின் கழுத்திலிருந்து அப்போதுதான் கழற்றியது போல. அப்புறம் காதோரம் ஒரு சத்தம்.

கரக்.

மணலைக் கடிப்பது போல. அது அவனுக்குத் தெரியாத சத்தமா? அசல் முத்தா என்று பார்க்க முன்பல்லில் உரசுவார்கள். அசல் என்றால் நறநறக்கும். கண்ணாடி வழுக்கும், சத்தமே வராது.

"பேய்க்குப் பல்லு இருக்குமாண்ணே?" கிடங்கில் மூட்டை மேல் படுத்து என் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த தடியன் குறுக்கிட்டான்.

"உன் பல்லு வெளிய தெரியாம கேளுடா" என்றேன்.

முத்து கோர்க்கிறவன் எண்ணினான். கரக்... கரக்... இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

நின்றது.

தைலமும் ஈரத் தலைமுடியும் கலந்த வாடை. யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு... மறுபடியும் முதலிலிருந்து.

ஓடியவன் மகள் வீட்டு வாசலில்தான் நின்றான். உள்ளே விளக்கு எரியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவள் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். "என்னங்க, இவ்ளோ சூடா இருக்கு?" உண்மை அவன் தொண்டை வரை வந்தது. வேலை போய்விடும். விழுங்கினான்.

அன்றிலிருந்து அவன் மனைவி கேட்கிறாள்: "ராத்திரி பூரா வாயில என்னத்தப் போட்டு நறநறன்னு மெல்றீங்க?" காலையில் எழுந்தால் நாக்கில் வெள்ளைப் பொடி. துப்பினால் எச்சில் மினுங்குகிறது.

வருடம் திரும்பியது. நூல் மாற்ற மகள் வந்தாள். மாலையை மேசையில் பரப்பினாள். கொக்கியிலிருந்து முதல் இருபத்திரண்டு முத்துகளும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன.

"நீங்க சொன்ன மாதிரிதாங்க தெனமும் போடுறேன். எப்படித் தேயுதுன்னே தெரியல." கண்ணாடி மணியை விரலால் தடவினாள். "இது ஒண்ணுதான் புதுசு மாதிரியே இருக்கு. அம்மாவுக்குப் பிடிச்ச முத்து போல."

அவன் தலையாட்டினான். நூலை மாற்றிக் கொடுத்தான். அப்போதும் சொல்லவில்லை.

அந்த அம்மாவுக்கு அவன் இன்னும் ஒரு முத்து பாக்கி.