தரையிறங்கும் வரை

ஆவடியில் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். உங்கள் ஸ்டேஷனிலும் பார்த்திருப்பீர்கள் சார், ஃபேன் வேண்டாவெறுப்பாகச் சுற்றும், ட்யூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் குவார்ட்டர்ஸில் அந்த நேரம் பார்த்துத்தான் எல்லா வீட்டிலும் டிவி போடுவார்கள், தண்ணீர் மோட்டாரும் போடுவார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. இது தெரியாவிட்டால் நான் சொல்வது உங்களுக்குப் புரியாது.

குவார்ட்டர்ஸ் என் அக்கா நாகவல்லியின் பெயரில் இருக்கிறது. அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்ததால் பாக்டரியில் வாரிசு வேலை அவளுக்குக் கிடைத்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னதில்லை, அவளாகத்தான் தள்ளிப்போட்டாள்.

நான் விமானப்படையில் சேரப் போனேன். கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு வேறு வேலையில் எனக்கு மனசு ஒட்டவில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் பிழைத்துக்கொள்வான் என்று அக்கா ஒரு 486 வாங்கித் தந்தாள். அதில் நான் விமான சிமுலேட்டர் போட்டுக்கொண்டேன். கீழ் வீட்டு ஜெகதாம்பாள் உங்களிடம் அதை விளையாட்டு என்று சொல்லியிருப்பார். விளையாட்டு என்றால் தோற்கலாம். இதில் தோற்றால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகள் அத்தனை பேரும் சாகிறார்கள். திரையில் அவர்கள் தெரிய மாட்டார்கள், ஆனால் பொறுப்புள்ளவனுக்கு அது தெரியும்.

அக்கா வேலை முடிந்து வந்ததும் என் அறையில் தலையை நீட்டுவாள். "இன்னா பைலட்டு, இன்னிக்கு எந்த ஊருக்குப் போய்கினு கீறே? அக்காவுக்கு ஜன்னலாண்ட ஒரு சீட்டு போடு" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். அவளை எனக்குப் பிடிக்கும் சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

486-இல் படம் திக்கித் திக்கி நகரும். விமானத்தைத் திருப்பினால் பூமி கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பும். ரிச்சி தெருவில் பார்ட்ஸ் விற்கும் தேவராஜ் முதலில் மெமரி கூட்டிப் போட்டான். போதவில்லை. பிறகு கம்ப்யூட்டரையே மாற்றிப் பென்டியம் வாங்கினேன். அதற்காக அக்கா ஓ.டி. பார்த்தாள். வீட்டுக்கு வரும்போது அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் மிஷின் ஒன்று வீட்டிலேயே வைத்திருந்தாள். வோல்டேஜ் குறைந்தால் அதன் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். அதற்கென்றே ஒரு ஸ்டெபிலைசர் இருந்தது.

பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை இரண்டும் அந்த ஒரே ஸ்டெபிலைசரில் ஓடின. பென்டியம் வந்ததும் தகராறு தொடங்கியது. அக்கா மிஷினைப் போட்டால் ஸ்டெபிலைசர் கட்டாகி, நான் நடுவானத்தில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தேவராஜிடம் கேட்டேன்.

"ரெண்டுத்தையும் ஒண்ணுல மாட்டாத மச்சான், தாங்காது. இன்னொரு ஸ்டெபிலைசர் வாங்கிக்க."

நான் அதற்குப் பதிலாக, படம் தெளிவாகத் தெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். நெபுலைசரின் பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினேன். ஸ்டெபிலைசர் என் மேஜைக்கு அடியில் வந்தது. அக்காவிடம் சொன்னேன். "சாயங்காலத்துல இளுப்பு வந்தா இன்னாடா பண்றது?" என்றாள். "கூப்பிடு, மாத்தித் தர்றேன்" என்றேன். சரி என்று தலையாட்டினாள். நான் சொன்ன எதற்கும் அவள் தலையாட்டாமல் இருந்ததில்லை.

கார்டை வாங்கப் போன அன்றுதான் அவள் கையில் வைத்து உறிஞ்சும் பஃப் மருந்தும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். மருந்துக்கடை ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கையில் கார்டை வைத்துக்கொண்டு தண்டவாளம் தாண்டி அலைய வேண்டாம் என்று நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே கார்டை மாட்டி ஓட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கினால் கீழே கடல், கரை, வீடுகள். மீனம்பாக்கம் என்று வைத்துக்கொண்டு இறக்கத் தொடங்கினேன்.

அப்போது அக்கா வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு வரவில்லை, மார்பைக் காட்டினாள். சுவரில் மாட்டிய மிஷின் பக்கத்து அறையில் முனகி நின்றது எனக்கும் கேட்டிருந்தது. "ரெண்டு நிமிஷம் அக்கா, இறக்கிட்டு வந்துர்றேன்" என்றேன். இறங்கும் நேரத்தில் எந்த பைலட்டும் எழுந்து போக மாட்டான்.

அவள் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து மேஜைக்கு அடியில் வந்து கம்ப்யூட்டர் பிளக்கில் கை வைத்தாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கேட்ட மணிக்கட்டு அடையாளமும் உடைந்த கண்ணாடி வளையலும் அதுதான். முரட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை. என் வலது கை ஜாய்ஸ்டிக்கில் இருந்தது, இடது கையில் எவ்வளவு பலம் இருந்துவிடப் போகிறது. முதலில் அவள் இழுத்தாள். "பாஸ்கரா" என்று சொல்ல வந்தாள் என்று நினைக்கிறேன், பாதிதான் வந்தது. அப்புறம் இழுக்கவில்லை. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

சக்கரம் தரையைத் தொட்டது தெரியாமல் இறக்கினேன். ஓடுபாதையை விட்டு ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பயணிகள் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தேன். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு நெபுலைசரை ஸ்டெபிலைசரில் மாட்டி, மாஸ்க்கை அக்காவின் மூக்கில் வைத்தேன். மோட்டார் அருமையாக ஓடியது. மருந்துப் புகை அப்படியே முகத்தின்மேல் நின்றது, உள்ளே போகவில்லை.

நான் கடைக்குப் போயிருந்ததாக ஜெகதாம்பாளிடம் சொன்னது பொய். அதற்கு வருத்தப்படுகிறேன், எனக்குப் பொய் பிடிக்காது.

கம்ப்யூட்டரைச் சாட்சியாகக் கொண்டுவருவீர்கள் என்றால் ஜீப்பில் குலுக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், கார்டு கழன்றுவிடும். நான் கவனக்குறைவானவன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், என் கையில் இதுவரை ஒரு உயிர்கூடப் போனதில்லை.