நான்கு முன்பதிவுச் சீட்டுகள்

புத்தகத்தை நாள் தவறாமல் திருப்பித் தருவதில் இந்த நூலகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பத்தொரு வருடப் பதிவேட்டைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும். நான் எடுத்த புத்தகத்தில் ஒரு பக்கம் மடங்கியிருக்காது, ஒரு டீக் கறை இருக்காது. நூலகக் குழு என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். மற்ற உறுப்பினர்களின் லட்சணத்தையும் கொஞ்சம் பார்த்தால்தான் நான் செய்தது விளங்கும்.

மருந்துக்கடைக்காரர் எடுத்துப் போகும் நாவல்கள் அவர் கல்லாவுக்குப் பின்னால் மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் பறக்காமலிருக்கப் பயன்படுகின்றன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முதல் இருபது பக்கங்களில் வரிக்கு வரி அடிக்கோடு போடுவார், இருபத்தோராம் பக்கத்திலிருந்து கோடு இருக்காது. பேப்பரில் பேட்டி வந்த புத்தகத்துக்கெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு வரும் பல் டாக்டர் அதைத் தன் காத்திருப்பு அறையில் அட்டை தெரியும்படி வைத்துவிடுவார். இவர்களையும் வாசகர் என்கிறோம். வேறு சொல் இல்லாததால் சொல்கிறோம்.

இவர்களுக்காகத்தான் நான் முன்பதிவைக் கையில் எடுத்தேன். விதி எளிமையானது. ஒரு புத்தகம் பதினான்கு நாளைக்குத் தரப்படும். மூன்று முறை புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் வேறு யாராவது அந்தப் புத்தகத்துக்குச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டிருந்தால் புதுப்பிக்க முடியாது, கெடு நாளில் கொடுத்துவிட வேண்டும். யார் எதை எடுத்திருக்கிறார்கள் என்று கவுன்டரில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம். தலைகீழாக எழுத்தைப் படிப்பது அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவனுக்குப் பெரிய வித்தை இல்லை. மருந்துக்கடைக்காரரின் நாவலுக்கு ஒரு சீட்டு, பல் டாக்டரின் புத்தகத்துக்கு ஒரு சீட்டு. "இன்னும் படிச்சு முடிக்கலையே" என்று அவர்கள் அசடு வழிவதைப் பத்திரிகை மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. அப்படி வாங்கிய புத்தகங்களில் பாதியை நான் படித்ததும் இல்லை. பாழாகாமல் பதினான்கு நாள் என் அலமாரியில் இருந்தன, அதுவே அவற்றுக்கு ஓய்வு.

இனி தையல்காரம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீடு மாடியில். சந்துக்கு எதிர்ப்புறம், கீழ்த்தளத்தில், அவளும் அவள் கணவரும் ஓர் அறையில் குடியிருந்தார்கள். அவள் கடைத்தெருவில் பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறவள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நுரையீரல் போய்ப் படுக்கையில் விழுந்தவருக்குச் சில நாளிலேயே பார்வையும் மங்கிவிட்டது. விழுவதற்கு முன் நம் நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்திருந்தார்: படகு கட்டும் குடும்பம், மூன்று சகோதரர்கள், வீட்டுச் சண்டையில் மூத்தவன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். அறுநூற்று நாற்பது பக்கம். நூலகத்தில் ஒரே பிரதி, கடைகளில் கிடைப்பதில்லை. முதல் இருநூறு பக்கங்களை முதல் பதினான்கு நாளில் அவரே படித்திருந்தார். மிச்சத்தை அவள் படித்துக் காட்ட ஆரம்பித்தாள்.

தினமும் மாலை ஆறு மணிக்கு அவர்கள் ஜன்னல் திறக்கும். ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எப்படிப் படிப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முற்றுப்புள்ளியில் நிற்க மாட்டாள், நடுவாக்கியத்தில் மூச்சு வாங்குவாள். பெரிய சொல் வந்தால் குண்டும் குழியுமான ரோட்டில் சைக்கிளை இறக்கித் தள்ளுகிறமாதிரி தள்ளிக்கொண்டு போவாள். ஒரு காற்புள்ளிக்காக ஆசிரியரோடு அரை நாள் வாதாடியவன் நான். என் காதில் விழுந்தது அது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். சாத்தாவிட்டால் அவள்.

அந்த மனிதரோ கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடியும்போது தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "அண்ணன் திரும்பி வருவானா?" அவளும் தினமும், "இன்னும் அந்த எடம் வரலங்க, நாளைக்குப் பாப்போம்" என்பாள். கதை என்றால் யார் வந்தான் யார் போனான் என்பதோடு சரி, இந்த ஜாதி வாசகர்களுக்கு.

அவள் வாசிப்பை இருபத்தெட்டு நாள் பொறுத்தேன். அவள் மூன்றாவது முறை புதுப்பிக்க வரவேண்டிய நாளுக்கு முன் தினம் நான்கு சீட்டுகள் எழுதிப் பெட்டியில் போட்டேன். ஒன்று என் பெயரில், ஒன்று என் மனைவி பெயரில், ஒன்று மகன் பெயரில், ஒன்று மருமகள் பெயரில். மகன் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது என்பதும், மருமகள் இந்த நூலகத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை என்பதும் உண்மை. நான்கு சீட்டும் ஒரே கையெழுத்து என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பதும் சரி. நான் என் கையெழுத்தை மாற்றி எழுதவில்லை. அப்படிச் செய்திருந்தால் அதுதான் மோசடி.

அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்போதே தானும் ஒரு சீட்டு எழுதிப் போட்டாளாம். வரிசையில் ஐந்தாவது. நானூற்று முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு துண்டுத் துணியை அடையாளம் வைத்திருந்தாள், அதை எடுக்கக்கூட மறந்திருந்தாள்.

நூலகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சார், அவங்க வீட்டுக்காரரு இன்னும் ரெண்டு மாசம் இருந்தாலே பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுத்தா அவங்க முடிச்சிருவாங்க." நான்கு பதினான்கு ஐம்பத்தாறு நாள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். விதி ஆளுக்கு ஆள் மாறாது என்று சொல்லிவிட்டேன். நூலகர் நல்ல மனிதர், முதுகெலும்புதான் இல்லை.

புத்தகம் என் கைக்கு வந்த பதினாறாம் நாள் அவளே என் வீட்டுக்கு வந்தாள். புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதை என் மனைவி உளறியிருக்கிறாள். உள்ளே வா என்று மனைவி இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். விரலில் தையல் விரலுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். தினம் ஒரு மணி நேரம் புத்தகத்தைக் கொடுத்தால் போதும், இங்கேயே உட்கார்ந்து படித்துக்கொண்டு போய் அவரிடம் வாயால் சொல்லிவிடுகிறேன் என்றாள். ஒருவர் பெயரில் எடுத்ததை இன்னொருவருக்குக் கொடுப்பது விதிமீறல் என்று விளக்கினேன்.

"சரிங்க சார். முடிவ மட்டும் சொல்லிருங்க. அண்ணன் வரானா இல்லையான்னு. அது தெரிஞ்சா போதும் அவருக்கு."

முடிவைத் தனியாகப் பிய்த்துக் கொடுக்கச் சொல்வது எழுதியவனுக்குச் செய்யும் துரோகம் என்று பதில் சொன்னேன். அவளுக்கு விளங்கியிருக்காது. "சரிங்க" என்று போய்விட்டாள். அன்று இரவு என் மனைவி சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்த சத்தம் சற்று அதிகமாகவே இருந்தது. "பாவங்க, குடுத்துத் தொலைங்களேன்" என்றாள். பாவம் என்பது என் மனைவியின் ஒரே இலக்கியக் கொள்கை.

அடுத்த வாரம் ஒரு நாள் ஆறு மணிக்கு ஜன்னல் திறந்தது. அவள் படிக்க ஆரம்பித்தாள்.

புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அவள் மடியில் நீல அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று. அவள் மூடி வைத்தபோது அட்டையைப் படித்தேன்: அவர் வேலை பார்த்த கம்பெனி கொடுத்த லிஃப்ட் பராமரிப்புக் கையேடு. அதன் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, படகு கட்டும் குடும்பத்தின் கதையை வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கம் புரளும் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டுமே.

இரண்டு வாரம் கேட்டேன். ஒரு நாள்கூட விடவில்லை, ஆதாரம் வேண்டுமல்லவா. பார்க்காமல் சொன்னபோது அவள் எங்கும் தடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். இளையவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. நடுவிலுள்ளவன் கட்டிய படகு மூழ்கியது. அவர் கேட்டுச் சிரித்தார், ஒரு நாள் அழுதார். எழுதப்படாத ஒன்றுக்கு அழுதார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு எழுத்து தவறினால் மறு அச்சுப் போடச் சொன்னவன், ஒரு நாவலையே கள்ளத்தனமாக மாற்றுவதை ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

உங்கள் கேள்விகள் சீட்டுகளோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், விளக்கம் முழுமையாக இருக்கட்டும்.

முப்பத்தேழாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, அவள் கடையில் இருக்கும் நேரத்தில், புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. யாரென்று கேட்டார், சொன்னேன். உட்காரச் சொன்னார். அறை சுத்தமாகவே இருந்தது. மருந்து வாசனைக்கு நடுவே இஸ்திரி போட்ட துணியின் வாசனையும் இருந்தது. புத்தகத்தை அவர் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். ஓரத்தில் நூலகத்தின் எண் ஒட்டியிருந்த இடத்தை அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது. இது முப்பத்தேழு நாளாக என் வீட்டில்தான் இருக்கிறது, உங்கள் மனைவி படிப்பது லிஃப்ட் கையேடு, கதை அவள் சொந்தச் சரக்கு என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை.

அவர் விரல் மறுபடி அந்த எண்ணைத் தடவியது. பிறகு கேட்டார்.

"அப்ப நெசப் புத்தகத்துல அண்ணன் வரானா சார்?"

"வரல" என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எழுந்தபோது, "அவகிட்ட இத சொல்லிராதீங்க. அண்ணன் வரலன்னு தெரிஞ்சா கஷ்டப்படுவா" என்றார். தன்னை ஏமாற்றியவளுக்காக இப்படி ஒரு பரிந்துரை. புத்தகத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் இறுகப் பிடித்திருந்தார்.

அன்று மாலை சண்டை வரும் என்று ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வரவில்லை. அவள் படித்தாள், அவர் கேட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் கதையை முடித்தாள். அண்ணன் மழையில் நனைந்துகொண்டு வந்து வாசலில் நிற்கிறான், தம்பி துண்டை எடுத்துக் கொடுக்கிறான். அவ்வளவுதான் முடிவு. அந்த மனிதர், "அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ படி" என்றார். மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அண்ணன் நல்ல வெயிலில் வந்தான், கையில் பெட்டி வேறு முளைத்திருந்தது. அச்சடித்த புத்தகத்தில் வானிலை மாறாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். "நல்லா படிச்ச" என்றார். அதற்கடுத்த நாள் இறந்துபோனார்.

அவர் நோயால் இறந்தார். அதையும் என் கணக்கில் எழுத மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஐம்பத்தாறாம் நாள் காலை நூலகம் திறந்தவுடன் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு நாள் பிந்தவில்லை. உங்களுக்குப் புகார் எழுதியது தையல்காரம்மா அல்ல, என் மனைவி என்று கேள்விப்பட்டேன். முப்பத்தெட்டு வருட வாழ்க்கையில் அவள் எழுதி நான் பார்க்கும் முதல் கடிதம். அதில் நான்கு பிழைகள். இப்போது அவள் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள், எப்போது வருவாள் என்று சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. அன்று அந்த மனிதரிடம் "வரல" என்று சொன்னபோது நான் அந்த நாவலைப் படித்திருக்கவில்லை. ஒரு பக்கம்கூட. நல்ல நாவலாசிரியன் போனவனைத் திருப்பிக் கொண்டுவர மாட்டான் என்பது என் அனுபவத்தில் கண்டது, அந்த அனுபவத்தை வைத்துச் சொன்னேன். சாவு நடந்த மறுவாரம் படித்தேன். அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தில் அண்ணன் வருகிறான். மழை இல்லை, வெயில் இல்லை, விடிகிற நேரம். மற்றபடி தம்பி துண்டை எடுத்துக் கொடுப்பதுவரை அவள் சொன்னதுதான். அது தற்செயல்.

புத்தகம் இப்போது அவளிடம் இருக்கிறது. ஐந்தாவது சீட்டின் முறை வந்ததும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மாலை ஆறு மணிக்கு ஜன்னல் திறக்கிறது. நானூற்று முப்பத்தோராம் பக்கத்திலிருந்து எட்டு எட்டுப் பக்கமாக, யாரும் இல்லாத அறையில் வாய்விட்டுத்தான் படிக்கிறாள். கடைசியைப் புரட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதுகூடத் தோன்றாத வாசகி. வரும் செவ்வாய்க்கிழமை கெடு முடியும்போது ஐந்நூற்று நாற்பத்து மூன்றில் இருப்பாள். புதுப்பிக்க முடியாது, அடுத்த சீட்டு என்னுடையது. என் உறுப்பினர் உரிமையைப் பற்றி நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் அந்தச் சீட்டை மட்டும் ரத்து செய்யாதீர்கள். இது வீம்புக்குப் போட்டதில்லை. இரண்டு தடவை படித்தும் அந்த அண்ணன் எதற்காகத் திரும்பி வந்தான் என்று எனக்கு விளங்கவில்லை.