மதியம் ரெண்டு மணிப் பாட்டு

— இதுதான் எனக்குப் பிடிபடல, நோர்மா அம்மா. உங்க கடற்கரைக் கடையில காசு போட்டா பாடுற இந்தப் பாட்டுப்பெட்டியில எண்பது தட்டு இருக்கு. எது எத்தனை தடவை சுத்துச்சுன்னு உள்ள ஒரு எண்ணி காட்டுது. உங்க மக மிரெல்லாவோட ‘ஸ்ட்ராபெரி கம்’ மட்டும் ஒரே வாரத்துல நூத்து முப்பத்தெட்டு!

— நல்லா இருக்கு, போடறாங்க. அதுக்குப் பெட்டியோட வயித்தைக் கிழிக்கணுமா, பாகனெல்லி சார்?

— நல்லா இருக்கா? ‘ஸ்ட்ராபெரி, ஸ்ட்ராபெரி, ஒட்டிக்கிச்சு பல்லுல’... இதுவா? ரேடியோக்காரங்க ஒரு தடவை போட்டுட்டு அப்புறம் தொடவே இல்ல.

— காப்பி ஆறுது. குடிச்சிட்டு என் மகளைத் திட்டுங்க.

— சாயங்காலம் ஆட வர்ற வயசுப் பசங்களும் இதைப் போடறதில்ல. ரெண்டு மணிக்கு மேலதான் எண்ணி ஏறுது. பெரியவங்க எல்லாம் குடைக்குக் கீழ தூங்குற நேரம். போடறது சின்னப் பிள்ளைங்க. அதுங்க கையில சில்லறை கொடுக்கிறது நீங்க. நேத்து என் கண்ணால பாத்தேன்.

— அது அவங்கவங்க அம்மா என்கிட்ட கொடுத்து வச்ச காசுய்யா!

— பிள்ளைங்க பாட்டுக் கேக்க அம்மாங்க காசு கொடுக்கிறாங்க. நான் நம்பணும்.

— பக்கத்து ஊரு ரிச்சோனே கடைகள்ல என்ன கணக்கு?

— அங்கயும் இதுதான் முதல். அதான் சந்தேகம் கூடுது. கரை பூரா உங்க சொந்தக்காரங்கதானே?

— ரிச்சோனேக்காரங்களா? என் கல்யாணத்துக்கே வராத கூட்டம், என் மகளுக்காகக் காசு போடுமா?

— எல்லாப் பெட்டிக் கணக்கையும் வச்சு ஞாயித்துக்கிழமை போட்டிப் பட்டியல் வருது. முதல் பாட்டைப் பாடினவங்களுக்கு மிலானோல முழு ரெக்கார்டு போடுவாங்க. தில்லுமுல்லுன்னு கணக்குப் பாக்க வந்த நான் எழுதினா மிரெல்லா பேரை அடிச்சிடுவாங்க. உண்மையைச் சொல்லிடுங்க.

— அவ செருப்பு ஃபாக்டரியில பசை தடவுறா, சார். இந்தப் பாட்டால அழுதது போதாதா? மூணு சரணம் பாடினா. கம்பெனிக்காரன் கடைசிச் சரணத்தை வெட்டி எறிஞ்சான், ‘இதுக்கு இவ்வளவு போதும்’னு. மத்தவங்களுக்கெல்லாம் மூணு நிமிஷம், என் பொண்ணுக்கு மட்டும் ஒண்ணே முக்கால்... ஏய் வால்தேர்! தண்ணியில கால் வைக்காத! பன்னெண்டுதான் ஆச்சு, இன்னும் எட்டு!

— என்ன எட்டு?

— எட்டுப் பாட்டு. சாப்பிட்ட வயித்தோட கடல்ல இறங்கினா ஆபத்தில்லையா? ஒரு மணி நேரம் போகணும். மணல்ல யாரு கடிகாரம் கட்டறா? ‘இருபது பாட்டு முடிஞ்சா இறங்கு’ன்னு சொல்லிட்டு அம்மாங்க தூங்கிடுவாங்க. அதுக்குத்தான் அந்தக் காசு. கரை பூரா இப்படித்தான். உங்க அம்மா எப்படிக் காக்க வச்சாங்க?

— ஜெபமாலை உருட்டச் சொன்னாங்க. நான் மாலையில நாலு மணியை உருட்டிட்டு அஞ்சாவதை உருட்டாமலே தாண்டிடுவேன், சீக்கிரம் முடிக்க... இருங்க. எந்தப் பாட்டுன்னு யாராவது சொல்றாங்களா?

— எதா இருந்தா என்ன? இருபதுன்னா இருபது.

— அம்மா, அந்தப் பேனாவை எடுங்க. நான் எழுதிட்டு, உங்க மகளைப் பார்க்க நேரா ஃபாக்டரிக்குப் போறேன்.

— ஐயோ, என்ன எழுதப் போறீங்க?

— தில்லுமுல்லு இல்லைன்னு. மத்த பாட்டுன்னா இருபதுக்கு ஒரு மணி நேரம், மிரெல்லா பாட்டுன்னா முப்பத்தஞ்சே நிமிஷம். சீக்கிரம் கடல்ல குதிக்க, இருக்கிறதுலயே குட்டியான பாட்டை எல்லாக் கரையிலயும் பிள்ளைங்க இருபது தடவை போடுதுங்க. உங்க மக ஜெயிச்சது, அந்தச் சரணத்தை வெட்டினதாலதான்.