பாஸ்டருக்குப் பயம் கற்பித்தது

காபி நன்றாக இருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் இப்படி ஒரு காபியை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் ஆறட்டும், அதுவரை பேசலாம்.

உங்களுக்கு என்னைத் தெரியும், டேனா. வனக்காவலர் சீருடைக்கு மரியாதை கொடுத்து ‘நீங்கள்’ என்கிறேன். என் வகுப்பில் சன்னல் ஓரம் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த பெண்ணை நான் மறக்கவில்லை. இந்த ஏரிக்கரைகளில் யார் துப்பாக்கி வாங்கினாலும் முதலில் இந்த ரூடி இலிதாலோவின் வகுப்பில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். பாதி வகுப்பு பாதுகாப்பு, பாதி வகுப்பு ஒழுக்கம். மற்ற ஊர்களில் ஒழுக்கத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். வேட்டைச் சங்கத்தின் ஒழுக்கக் குழுவுக்கு நான்தான் தலைவர். அந்தக் குழுவில் வேறு உறுப்பினரே இல்லை என்று மதுக்கடை வெஸ் கிண்டல் செய்வான். ஒழுக்கமுள்ளவர்கள் குறைவாக இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வெள்ளை மானுக்கு வருவோம்.

அது பிறவியிலேயே வெள்ளை. கண் இளஞ்சிவப்பு, பார்வை அரைகுறை. ஏரியின் குறுகிய முனையில் தனியாக இருக்கும் ஹெல்மி கார்வோனன் வீட்டுக்கு அது வர ஆரம்பித்தது, அவள் கணவன் ஆர்ட் இறந்த குளிர்காலத்தில். ஆர்ட் என் வேட்டைக் கூட்டாளி. ஹெல்மி அதற்கு ஆப்பிள் கொடுத்தாள். பிறகு ஏலக்காய் போட்டுச் சுடும் பின்னல் ரொட்டியையும் கொடுத்தாள். வெள்ளை அங்கி, நீளமான முகம், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவது, இதையெல்லாம் பார்த்து ‘பாஸ்டர்’ என்று பெயரும் வைத்தாள். துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கும் காலையில் ஆரஞ்சுத் துணி ஒன்றை அதன் கழுத்தில் கட்டிவிடுவாள். வேட்டைக்காரர்கள் நாங்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்கப் போடுகிற அதே ஆரஞ்சு.

சட்டம் தடுக்கவில்லை. பக்கத்து மாநிலத்தில் வெள்ளை மானைத் தொடக் கூடாது. இங்கே அனுமதிச் சீட்டும் மானுக்குக் கொம்பும் இருந்தால் போதும். ஆகவே ஒழுக்கம்தான் பேச வேண்டியிருந்தது. போன ஆண்டு வெஸ் கடையில் அந்தப் பேச்சு வந்தது.

“வாத்தியாரே, பாஸ்டரைப் போடலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லும். உம்ம பிரசங்கம் முடியறதுக்குள்ள பீர் சூடாயிடும்” என்றான் வெஸ்.

“போட்டா ஞாயித்துக்கிழமை யாருடா ஜெபம் பண்றது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் எழுந்து நின்றேன். தீர்ப்பை உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்குப் பழக்கமில்லை. மனிதனைக் கண்டு ஓடாத மான் வேட்டை மான் அல்ல, அது வளர்ப்பு மாடு. அதைச் சுடுவது வேட்டையல்ல, கசாப்பு. மனிதனைக் கண்டு அஞ்சி ஓடும் மான் எந்த நிறமானாலும் வேட்டைக்குரியது. அவ்வளவுதான் சொன்னேன். கடை முழுவதும் கை தட்டியது. மறுநாள் ஹெல்மி கண் கலங்க ஒரு முழு ரொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். “நீ சொன்னா ஊரே கேக்கும், ரூடி. ஆர்ட் இருந்தா உன்னைக் கட்டிப் பிடிச்சிருப்பான்” என்றாள்.

தீர்ப்பின் இரண்டாம் பாதியை யாரும் கவனிக்கவில்லை. என் வகுப்பிலும் எல்லாரும் பாதிதான் கேட்பார்கள்.

இந்தக் கோடையில் அதன் கொம்பு எட்டுக் கிளை விட்டது. மேலே மூடியிருந்த வெல்வெட் தோல் உரிந்து, மஞ்சள் கலந்த தந்தம் போல. இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு கொம்பு எந்த வேட்டைக்காரன் வீட்டுச் சுவரிலும் தொங்கவில்லை. ஆனால் நான் சுவரைப் பற்றி நினைக்கவில்லை. அந்த மானின் கண்ணியத்தைப் பற்றி நினைத்தேன். எட்டுக் கிளைக் கொம்பை வைத்துக்கொண்டு ஒரு கிழவியின் உள்ளங்கையில் ரொட்டி நக்குவது காட்டு மிருகத்துக்கு அவமானம். அதை மறுபடி மானாக்க வேண்டும். அதற்குப் பயம் போய்விட்டது. பயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் கொடுமை எங்கே இருக்கிறது? வாத்தியார் செய்யும் வேலைதானே.

இருமலுக்கு நல்லது என்று ஹெல்மி அவளுடைய கம்பளிச் சால்வையை என் கழுத்தில் சுற்றிவிட்டிருந்தாள். அதில் அவள் வாசனை இருந்தது. பையில் அவள் ரொட்டி இருந்தது. அவள் கடைக்குப் போகும் நாட்களில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் தோட்டத்து ஓரம் நின்று ரொட்டியை நீட்டினேன். பார்வை போதாத பிராணி, மூக்கை நம்பி வந்தது. மாட்டை ஷாக் கொடுத்து லாரியில் ஏற்றுவதற்கு வைத்திருக்கும் மின்கோலை அதன் மூக்கின் ஈரத்தில் வைத்தேன். மூக்கில் வைத்தால்தான் பாடம் ஏறும்.

அடுத்த வாரம் அது மறுபடி வந்தது. இதுதான் என்னை வருத்தியது. காது மடங்கி, முழங்கால் நடுங்க, ஆனாலும் வந்து மூக்கை நீட்டியது. எத்தனை தரம் வைத்தாலும் அந்த வாசனைக்கு வந்தது. கண்ணில் வைத்த பிறகுதான் கொஞ்சம் புரிந்துகொண்டது. எப்படியும் பயன்படாத கண்.

“பாஸ்டருக்கு மூக்கெல்லாம் புண்ணா இருக்கு, ரூடி. ஒரு கண்ணுல சீழ் வடியுது. எதுவோ கடிச்சிருக்கும்போல” என்றாள் ஹெல்மி. என்னிடமிருந்த கால்நடைக் களிம்பைக் கொடுத்தேன். நல்ல களிம்பு.

பருவம் நெருங்கியபோது அவள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். “நான் கிட்டப் போனா ஓடுறாரு. நான் என்ன பண்ணினேன்? ஆர்ட் போனதுக்கப்புறம் எனக்குன்னு காலையில எழுந்திருக்க இருந்தது அவர் ஒருத்தர்தான். துணியை எப்படிக் கட்டுவேன்?”

“மான்னா அப்படித்தான் இருக்கணும், ஹெல்மி. பயப்படுறது அதுக்கு நல்லதுதான்” என்றேன். அவளுக்குத் தேநீரும் போட்டுக் கொடுத்தேன். நான் கல்நெஞ்சன் அல்ல.

பருவத்தின் முதல் நாள் காலை, வெளிச்சம் வந்த பிறகு, ஏரி முனைக்கு எதிரே மறுகரையில் என் மரப்பரணில் இருந்தேன். ஊருக்கே தெரிந்த பரண். ஹெல்மி ஆரஞ்சுத் துணியும் ஆப்பிள் வாளியுமாக வெளியே வந்தாள். பாஸ்டர் நாணலுக்குள் நின்றது. அவள் வாசனை பட்டதும் பாய்ந்து ஏரியைச் சுற்றி மறுகரைக் காட்டுக்குள் போனது. பாடம் படிந்திருக்கிறது என்று எனக்குத் திருப்தி. அவள் சுற்றிப் போயிருக்கலாம். முழங்கால் வலிக்காரி, குறுக்கே பனிக்கட்டிமேல் நடந்தாள். மறுகரையை ஒட்டி அடியில் ஊற்று இருக்கிறது. அங்கே பனி பிடிப்பதில்லை, ஆழமும் அதிகம். அது எனக்குத் தெரியும். பரணில் ஏறினால் குரல் கொடுக்காதே, அசையாதே என்று உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேனே.

கரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அவள் உள்ளே போனாள். முழங்கையைப் பனி விளிம்பில் ஊன்றிக்கொண்டு கூப்பிட்டாள். முதலில், “ரூடி! மேல இருக்கியா? ரூடி!” பிறகு குரல் தேய்ந்து, “வாப்பா பாஸ்டர், வா” என்று, வேலி ஓரம் நின்று கூப்பிடுகிற மாதிரியே.

இரண்டு பேரைக் கூப்பிட்டாள். ஒருவர் வந்தார்.

காட்டுக்குள்ளிருந்து அது வந்தது. பனிமேல் வெள்ளை, கொம்பு மட்டும் தனியாக நகர்வது போல. நான் சுட்டேன். ஒரே குண்டு. இறங்கிப் போனபோது தண்ணீரில் ஆப்பிள்கள் மிதந்தன. ஆரஞ்சுத் துணி மிதந்தது. அவள் தலை தெரியவில்லை. மான் சூடு ஆறுவதற்குள் குடலை எடுக்க வேண்டும், எடுத்தேன்.

கடை வாசலில் வேட்டையைத் தொங்கவிடும் கம்பத்தில் இந்த ஆண்டின் முதல் மான் என்னுடையது. யாரும் கை தட்டவில்லை. வெஸ் அதன் மூக்கையும் கண்ணையும் வெகுநேரம் பார்த்தான். “இதை ஹெல்மிகிட்ட யாருய்யா சொல்றது?” என்றான்.

“அவளுக்குத் தெரியும், பக்கத்துலதான் இருந்தா” என்றேன். அதிலிருந்துதான் இந்த விசாரணை எல்லாம்.

மின்கோல் என் வண்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். சால்வையும் அங்கேதான். குரல் கேட்டதா என்று கேட்டீர்கள், கேட்டது. இறங்கியிருந்தால் தூக்கியிருக்கலாமா? தூக்கியிருக்கலாம், பரணில் கயிறு இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

குளம்புத் தடம் பற்றிச் சொன்னீர்களே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள முடியாது. தடம் காட்டிலிருந்து நேராகத் தண்ணீர் விளிம்புவரை நடந்து வந்து நின்றிருக்கிறது, நாலு காலும் ஊன்றி நின்ற இடத்தில் பனி உருகியிருக்கிறது, தலையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தியிருந்ததால்தான் குண்டு பிடரி வழியாகப் போயிருக்கிறது என்கிறீர்கள். படமும் எடுத்திருக்கிறீர்கள். ஈரப் பனியில் தடம் ஆயிரம் சொல்லும், டேனா. ஓடாத மானை நான் சுடுவேனா? நீங்களே என் வகுப்பில் படித்தவர்.

காபி ஆறிவிட்டது. பரவாயில்லை, கொடுங்கள். ஹெல்மி விஷயத்தில் நீங்கள் என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். இந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்: மான் ஓடிக்கொண்டிருந்தது.