கீழ்வீட்டு அக்காவின் போர்டு ஏன் எழவில்லை

கழற்றிய ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க, ஐஸ் கட்டி செய்யும் தட்டைவிட வசதியான பொருள் வேறில்லை, சார். குழிக்கு ஒரு வகை. எது எங்கிருந்து வந்தது என்ற குழப்பமே வராது. வகுப்பில் எல்லோருக்கும் சொல்ல நினைத்தேன். சிரிப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மாடிப்படியில் என்னை நிறுத்தி "ஏம்மா?" என்று மட்டும் கேட்டீர்கள். எப்படி என்று கேட்கவில்லை. அது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் நான் வகுப்புக்கு வரவில்லை. பதிலை ஒழுங்காக எழுதிவிட்டு வரலாம் என்றுதான். நீங்கள் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, அதன்பின் என்ன மாறியது.

நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. பகலில் மருந்துக் கடையில் பில் போடுகிறேன். ஒவ்வொரு பில்லையும் திரும்பச் சரிபார்ப்பேன். அதற்குள் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடத் தொடங்கிவிடுவார்கள். மாலையில் உங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் வகுப்பு. அங்கே எனக்கு 'சரியாசார்' என்று பட்டப்பெயர். ஒரு கேபிளைச் செருகினாலும் "சரியா சார்?" என்று உங்களைப் பார்ப்பேனே, அதனால். என்னை நம்பி யாரும் ஒரு பல்பைக்கூடக் கழற்றக் கொடுத்ததில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

கீழ்வீட்டு அக்கா கொடுத்தாள்.

அந்த வீட்டாரை நீங்கள் கொஞ்ச நேரம்தான் பார்த்தீர்கள், அதனால் சொல்கிறேன். அக்கா வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பவள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அக்காவுக்கு வேறு ஊரில் நிரந்தர வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு எழுத வேண்டும். தேர்வு மென்பொருள் கம்ப்யூட்டரை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும். அப்புறம் வேறு எதிலும் எழுத முடியாது. பதிவுக்கு முன் பயாஸைப் புதுப்பித்து, ஓர் அமைப்பை மாற்றச் சொன்னது.

"நீதான் இதெல்லாம் படிக்கறியே, கொஞ்சம் பாரேன்" என்றாள் அக்கா.

பார்த்தேன். புதுப்பித்தேன், மாற்றினேன். திரை கறுத்துவிட்டது. விசிறி சுற்றியது, மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்தபடியே நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

"பயாஸ்னா என்னம்மா?" என்றார் கண்டக்டர்.

"கரண்ட் வந்ததும் போர்டு முதல்ல படிக்கறது அதைத்தான், மாமா. எது எங்க இருக்கு, எதை எழுப்பணும்னு அதுதான் சொல்லும்."

"அப்ப டிரைவர் இன்னும் வண்டில ஏறல. இஞ்சின் மட்டும் சும்மா உறுமிட்டு நிக்குது."

அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. மின்சாரத்தைத் துண்டித்து, போர்டிலிருந்த வட்ட பேட்டரியைக் கழற்றினேன். சற்றுப் பொறுத்து மாட்டினேன். பழைய கிராஃபிக்ஸ் கார்டு புதிய அமைப்போடு ஒத்துப்போகவில்லை என்று தோன்றியது. அதையும் உருவிவிட்டு, திரையின் கேபிளை நேராகப் போர்டிலேயே செருகினேன். இந்த முதல் கோளாறு நேர்மையான கோளாறு, சார். அதைச் சரிசெய்ததும் நேர்மையாகத்தான்.

திரை எழுந்தது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் இருந்த இடத்தில் என்னைச் சுற்றினாள். துடைப்பம் விழுந்தது. கண்டக்டர் அலமாரியிலிருந்து பழைய விசிலைத் தேடி எடுத்து ஊத, எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது.

"இனிமே இவ பேரு டாக்டர்" என்றாள் அக்கா மூச்சு வாங்க.

மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினேன். மறந்துவிட்ட ஸ்க்ரூடிரைவரை எடுக்க மறுபடி இறங்கினேன். அதை நான் மறந்திருக்கவில்லை. மறுநாள் கடையில் ஒரு பில்லைக்கூடச் சரிபார்க்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தன. கால் தரையில் பாவவில்லை என்பார்களே, அது உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது.

அதன்பின் என்னை யாரும் கூப்பிடவில்லை. படியில் பார்த்தபோது அக்கா, "பதிவும் முடிஞ்சுது, சூப்பரா ஓடுது டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள். பையும் கையுமாக அங்கேயே நின்றேன். குணமான வீட்டில் டாக்டருக்கு என்ன வேலை.

ஞாயிற்றுக்கிழமை நானாகவே போய், தேர்வுக்கு முன் பயாஸை இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன் என்றேன். ஓடுவதைத் தொடாதே என்பது உங்கள் பாடம். தொட்டேன். திரை மறுபடி கறுத்தது.

அந்த வாரத்தைப் போல ஒரு வாரம் எனக்கு வாய்த்ததே இல்லை. வகுப்பு முடிந்ததும் நேராகக் கீழ்வீடு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் பலன் தெரியும்வரை வேறெதையும் தொடக்கூடாது என்பீர்களே, அந்த விதியை அங்கே சட்டமாக்கிவிட்டேன். ஒரு மாலைக்கு ஒரு மாற்றம். ஒருநாள் ராம் பட்டையை மட்டும் இடம் மாற்றினோம். அடுத்த நாள் வன்தட்டைக் கழற்றினோம். அதற்கடுத்து போர்டை மொத்தமாக வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் கிடத்தினோம். கண்டக்டர் தலைமாட்டில் நின்று அறிவிப்பார்.

"ராம் ஸ்டாப், ராம் ஸ்டாப். இறங்கறவங்க முன்னாடி வாங்க. என்னம்மா, ஒருத்தரும் இறங்கலையா?"

"அப்பா, வாயை மூடுங்க. பேஷண்ட் முழிச்சுக்கப் போகுது."

"முழிச்சுக்கத்தானடி இவ்வளவு பாடு."

அக்காவுக்குப் பயம் வந்தால் சிரிப்பும் வரும். கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். டார்ச்சைப் பிடித்திருக்கும் கை ஆடி, வெளிச்சம் சுவரெல்லாம் ஓடும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் அவளுக்குத் தட்டச்சு வேலையும் இல்லை. அதனால் பகல் முழுவதும் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கதவைத் தட்டுமுன் திறந்துவிடுவாள். கதவு அப்படித் திறப்பது என்றால் என்ன என்று, எல்லோரும் நம்பும் உங்களுக்குத் தெரியாது, சார்.

நடுநடுவே போர்டு எழுந்துகொள்ளும். எழுந்தால் விசில், சுற்றல், துடைப்பம் எல்லாம் உண்டு. அக்கா டீ வைக்க உள்ளே போய்வருவதற்குள் மறுபடி படுத்துவிடும்.

இங்கே பென் டிரைவ்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் போர்டின் பின்புறம் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. பென் டிரைவைச் செருகி அதை அழுத்தினால், உயிரில்லாத போர்டுக்குக்கூட பயாஸை ஊட்டிவிடலாம். விளக்கு மினுக்கும், நின்றால் முடிந்தது என்று அர்த்தம். என்னிடம் இரண்டு பென் டிரைவ். நீலத்தில் அந்தப் போர்டுக்கு உரிய கோப்பு. சிவப்பில் அதே பெயர் வைத்த, வேறு மாடலுக்கு உரிய கோப்பு. நீலம் எழுப்பும், சிவப்பு படுக்க வைக்கும். சில போர்டுகள் ஏமாறாது. இது ஏமாந்தது. ஞாயிறன்று நான் செருகியது சிவப்பு. கை தவறி அல்ல.

கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. தேர்வு சனிக்கிழமை காலை. அன்று கடைசி நேரத்தில் நீலத்தைச் செருகி எழுப்பிவிடுவதாக இருந்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்து நினைத்தே வாரம் முழுவதும் எனக்குள் குறுகுறுத்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினேன். அக்கா தலை வாரி, அடையாள அட்டையை மேசை மேல் வைத்து, இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் விசிலைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

நீலத்தைச் செருகினேன். எழுந்தது. விசில் காதைப் பிளந்தது, அக்கா என் நெற்றியில் முத்தமிட்டாள். தேர்வு மென்பொருளைத் திறந்தாள். இது பதிவு செய்யப்பட்ட கணினி அல்ல என்று வந்தது. பயாஸை மாற்றி மாற்றி ஏற்றியதில், போர்டுக்குள் இருந்த ரகசியச் சாவி அழிந்துபோயிருந்தது. மென்பொருள் அந்தச் சாவியை வைத்துத்தான் அடையாளம் பார்க்கிறது. இது எனக்குத் தெரியாது.

அக்கா அந்த வரியை வாய்விட்டு வாசித்தாள். உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். பாட்டுதான் கேட்டது. தேர்வு நேரம் கடந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன், நடிப்பு இல்லை. என் முகத்தைத் தன் கையால் துடைத்துவிட்டாள்.

"அழாத டாக்டர். நீ என்ன பண்ணுவ. ஒரு வாரமா நீ பட்ட பாட்டை நான்தான பார்த்தேன்."

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று முந்தின நாளே உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள், நல்ல மனசு. மேசையில் கிடந்த இரண்டு பென் டிரைவையும் உங்கள் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தீர்கள். அவர்கள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

மேலே எழுதியதை ஒருமுறை சரிபார்த்தேன். ஓர் இடத்தில் பிழை இருக்கிறது. சாவி அழியும் என்பது எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். தெரியும். நீங்கள் வகுப்பில் அதைச் சொன்னபோது, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டவள் நான்தான். ஞாயிறன்று சிவப்பைச் செருகும்போதே அக்காவின் தேர்வு முடிந்துபோயிருந்தது. மற்ற நாட்களில் நாங்கள் செய்ததெல்லாம் வெறும் சிரிப்புதான். ஆனால் என்ன சிரிப்பு, சார்.

அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த ஊருக்குப் போவதற்காக முன்கூட்டியே கட்டிவைத்திருந்த பெட்டிகளை நேற்று மூன்று பேருமாகப் பிரித்தோம். கண்டக்டர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஸ்டாப் பெயர் சொன்னார். அக்கா என் தோளில் சாய்ந்து, "நல்லவேளை, நீயாவது மேல இருக்க" என்றாள். நீங்கள் அவளிடம் உண்மையைச் சொல்லப்போனால் நான் தடுக்க மாட்டேன். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற வீட்டில் அதைப் போட்டு உடைக்க உங்களுக்கு எப்படி மனசு வரும் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.