ஸ்ட்ரைக்கர் மேல் இரண்டு விரல்கள்

பேய்ப்படங்களை மத்தியானம் மூன்று மணிக்குப் பார்ப்பதுதான் உசிதம். மாலைக் காப்பிக்குள் படம் முடிந்துவிடும், ராத்திரித் தூக்கமும் கெடாது. கரமனையில் என் அக்கா பாகீரதியும் நானும் மூன்று வருடம் இந்த ஒழுங்கைத்தான் கடைப்பிடித்தோம். ஜன்னலைச் சாத்துவோம், மின்விசிறியை இரண்டில் வைப்போம், நடுவில் ஒரு தட்டு நேந்திரங்காய் வறுவல் இருக்கும்.

எல்லாப் பேய்ப்படமும் எங்களுக்கு ஆகாது. ரத்தம் கொட்டுகிற படங்களையும் நாய் செத்துப்போகிற படங்களையும் தள்ளிவிடுவோம். எழுத்துப்பலகையை வைத்து ஆவியைக் கூப்பிடுகிற படமென்றால் எந்த நாட்டுப் படமானாலும் உட்கார்ந்துவிடுவோம். இந்த ஊர் மலையாளிகள் அந்தப் பலகையை ஓஜோ போர்டு என்கிறார்கள். நான் முப்பத்தொரு வருடம் கல்லூரி நூலகத்தில் அட்டவணை தயாரித்தவள். 'ஊய்ஜா' என்பதே சரி என்று திருத்துவேன்.

"வர்ற ஆவிக்கு ஸ்பெல்லிங் பரீட்சையா வெக்கப் போறே? ஓஜோன்னா ஓஜோதான், சும்மா இருடீ," என்பாள் அக்கா.

இந்தப் படங்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பெற்றோர் ஊரில் இல்லாத ஒரு பெரிய மரவீடு. பரணில் ஒரு பலகை. தனியாக ஆடக்கூடாது, விடைபெறாமல் எழுந்திருக்கக்கூடாது, சாகிற தேதியைக் கேட்கக்கூடாது என்று மூன்று விதிகள். நாற்பது நிமிஷத்துக்குள் மூன்றையும் மீறிவிடுவார்கள். வாசல் கதவு திறந்தே கிடக்கும், ஒருவர்கூட வெளியே போகமாட்டார். எங்கள் தெருவில் அந்தக் கதை நடக்காது. வீடுகளெல்லாம் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்பவை. ஆவி வந்து சுவரைத் தட்டினால், அந்தப் பக்கத்திலிருந்து சரசம்மா "எந்தா, மாவு வேணுமா?" என்று கேட்டுவிடுவாள்.

இன்னொன்றும் உண்டு. அதைக் கண்டுபிடித்தது அக்காதான். "யாரைக் கூப்பிட்டாளோ அவா ஒரு படத்துலயும் வரதில்லே, கவனிச்சியோ? அவா பேரைச் சொல்லிண்டு வேற யாரோவாக்கும் வரது."

அத்திம்பேர் போய் வெகுகாலமாயிற்று. அக்காவுக்கு மீரா, அனந்த் என்று இரண்டு பிள்ளைகள். மீரா கல்யாணமாகி புனேயில் இருக்கிறாள். அனந்த் இருபத்தாறு வயதில், ஒரு மழைநாளில், பைபாஸில் பைக்கோடு விழுந்து போய்விட்டான். அதற்கு ஒரு வருடம் முன்பு என் கணவர் ஸ்ரீகண்டன் காலமாகியிருந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரின் இன்னொரு பக்கம், பட்டம் என்கிற பகுதியில், ஒரு வாடகை ஃப்ளாட்டில் நான் தனியாக இருந்தேன். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் 'நமஸ்காரம்' என்றால் பதில் நமஸ்காரம் சொல்லத் தொடங்கியிருந்தேன். அனந்தின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும், அக்காவுக்குத் துணையாக இரண்டு வாரம் இருக்கலாமென்று வந்தேன். இருந்துவிட்டேன்.

பலகை செய்யும் யோசனை அக்காவுடையது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆரம்பித்தது நான் இல்லை என்பது பதிவாக வேண்டும். ஒரு படம் முடிந்த கையோடு அவள் சொன்னாள்: "நாமளும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தா என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

எந்த எழுத்தில் எழுதுவது என்பதில் இரண்டு நாள் போயிற்று. அக்கா தமிழ் என்றாள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒட்ட ஒரு பாய் வேண்டும் என்றேன் நான். தவிர, அனந்துக்குத் தமிழ் வாசிக்க வராது. பள்ளிக்கூடத்தில் மலையாளமும் இங்கிலீஷும் படித்தவன். உயிரோடு இருக்கும்போது கற்றுக்கொள்ளாததைச் செத்தபிறகா கற்றிருப்பான்? கடைசியில், அவன் அம்மாவுக்கு வாட்ஸ்அப் அனுப்புவதுபோல், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் போதும் என்று முடிவாயிற்று. பலகைக்கு அனந்தின் கேரம்போர்டை எடுத்தோம். சுற்றிலும் இருபத்தாறு துண்டுச்சீட்டுகளை ஒட்டினோம். படங்களில் ஏதோ இதயவடிவ மரத்துண்டை நகர்த்துவார்கள், நாங்கள் ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டோம். அக்கா கொஞ்சம் பௌடரும் தூவினாள். "அவனுக்கும் சிரமமில்லாம இருக்கட்டும்."

விரல் வைத்து இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். ஸ்ட்ரைக்கர் அசையவில்லை. அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு தங்கையால் முடியாது. நான் தள்ளினேன்.

"கண்ணா, ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

செத்தவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் எனக்கு யோசிக்கவேண்டி இருக்கவில்லை. டி, ஹெச், ஓ, ஓ, டி, ஹெச், ஏ, எம். தூத்தம். எங்கள் வீடுகளில் தண்ணீருக்கு அதுதான் சொல். தீர்த்தம் என்பதைத் தேய்த்துத் தேய்த்து அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம்.

அக்கா விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி வைத்தாள். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அன்றுமுதல் கேரம்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பது வழக்கமாயிற்று. மறுநாள் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவோம். செடி நன்றாகத் தழைத்தது.

வெள்ளிக்கிழமை தோறும் அனந்த் வந்தான். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்பான். கால்வலிக்குத் தைலம் தேய்க்கச் சொல்வான். சித்தி வைக்கும் ரசத்தைக் குறை சொல்லாதே என்றும் ஒரு தடவை சொன்னான். அது சற்று அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். படங்களில் இந்தக் கட்டத்தில் விளக்கு அணையும், திரைச்சீலை பறக்கும். எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது ஒரே ஒரு தடவை. அது மின்வாரியம். அக்கா மறுபடி சாமிக்குப் பூ வாங்க ஆரம்பித்தாள், சரசம்மாவோடு வம்பு பேச ஆரம்பித்தாள். யாருக்காவது இதனால் கெடுதல் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

போன வருடம் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுங்கள், செய்தால் இன்னும் பதினைந்து வருடம் ஓடியாடலாம் என்றார் டாக்டர். மீரா உடனே புனேயில் ஏற்பாடு செய்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா அங்கேயே இருந்துவிட வேண்டும், வீட்டைப் பூட்டிவிடலாம் என்றாள். என்னிடமும் அன்பாகத்தான் பேசினாள். "நீங்க எப்ப வேணும்னாலும் வந்து போங்கோ சித்தி."

வந்து, போ. இரண்டு வினைச்சொற்கள். அட்டவணை போட்டவளுக்கு இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்கிற பழக்கம் உண்டு. போ என்றால் பட்டம், ஃப்ளாட், நமஸ்காரம்.

அந்த வெள்ளிக்கிழமை அனந்த், "அம்மா புனேக்குப் போகவேண்டாம்" என்றான்.

புனேக்கு வரவில்லை என்று அக்கா மீராவிடம் சொன்னாள். மீரா கெட்டிக்காரி, சண்டை போடவில்லை. இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் தேதி வாங்கினாள். "நான் ஒரு மாசம் லீவு போட்டுண்டு வரேன். முடிஞ்சதும் கையோட அழைச்சுண்டு போறேன்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஆபரேஷன் எந்த ஊரில் நடந்தாலும், அதன் மறுமுனையில் புனே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அனந்த், "ஆபரேஷன் வேண்டாம்" என்றான். இங்கிலீஷ் எழுத்தில் அது ஒன்பதும் ஆறும், பதினைந்து எழுத்து. ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு சீட்டாகப் போய்வர நாலைந்து நிமிஷம் பிடித்தது. இடையில் நிறுத்திக்கொள்ளப் போதுமான அவகாசம் இருந்தது. அதை நான் ஒளிக்கவில்லை.

அக்கா மீராவிடம், பயமாக இருக்கிறது, கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவந்தாள். மீரா தினமும் போனில் கெஞ்சினாள், அழுதாள், திட்டினாள். தேதி கடந்தது. மாத்திரைகளை நான் வேளை தவறாமல் கொடுத்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. டாக்டர்கள் மூன்று மாதம் என்றால் அது சும்மா பயமுறுத்துவதற்கு என்று பலபேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐந்தாவது மாதத்திலும் அக்கா உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படி மட்டும்தான் ஏற முடியவில்லை.

ஒருநாள் படம் தொடங்குமுன் கேட்டாள்: "சீதே, ஸ்ட்ரைக்கரை உருட்டறது நீதானே?"

நான் ரிமோட்டைத் தேடினேன்.

"முழிக்காதே. ரிமோட்டு உன் மடியிலயாக்கும் இருக்கு. அனந்த் தூத்தம்னு சொல்லவே மாட்டான். ஒண்ணாங் கிளாஸ்ல டீச்சர்கிட்ட தூத்தம் வேணும்னு கேட்டிருக்கான், பசங்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கா. அன்னியோட அந்த வார்த்தையை விட்டுட்டான். என்கிட்டகூட வெள்ளம்தான். அம்மா வெள்ளம் கொண்டா, அம்மா வெள்ளம் கொண்டா."

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவன் காலமான பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் நான். எனக்கு எப்படித் தெரியும்?

"மொத நாளே தெரியுமா? அப்போ ஏன் ஒண்ணும் சொல்லலே?"

"சொன்னா நிறுத்திடுவியே. அவன் பேர்ல யாரோ ஒருத்தி, சாப்ட்டியான்னு கேக்கறாளேன்னு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "புனேக்குப் போகாதேன்னதும் நீதான். அதுக்கு எதுக்குடீ அந்தக் கொழந்தையை இழுக்கறே? அக்கா, என்னை விட்டுட்டுப் போகாதேன்னு நேரா சொன்னா, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

இருவரும் சிரித்தோம். அவள் எனக்காகத்தான் போகாமல் இருந்திருக்கிறாள். அந்த ஒரு நிமிஷம் என் வாழ்க்கையில் மிகவும் நிறைவான நிமிஷம் என்று சொல்வேன்.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஆபரேஷன் வேண்டாம்னது நீயில்லே. நான் சாகறதுக்கு நீ சொல்ல மாட்டே. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அது மட்டும் அவனேதான் வந்து சொல்லியிருக்கான். அதனாலதான் நான் பேசாம இருக்கேன். நீயில்லையே சீதே?"

"நானில்லை அக்கா," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. பிள்ளை ஒரு தடவையாவது உண்மையாகவே வந்தானே என்ற தெளிவு. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. படத்தைப் போட்டேன்.

அதற்கப்புறம் பத்தொன்பது நாள் இருந்தாள். டாக்டரின் நம்பர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. மீராவின் நம்பர் எனக்கு மனப்பாடம். இருபதாம் நாள் காலை, குளித்துவிட்டு வந்து நெற்றிக்கு இட்டுக்கொள்ளும்போது அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. சிரமப்படவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். நானும் சொன்னேன்.

மீரா கணவன் மஹேஷோடும் ஆறு வயது மகள் ஜானவியோடும் வந்தாள். பத்து நாளும் ஒரே பேச்சுதான். தான் இன்னும் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும், அம்மாவை இழுத்துக்கொண்டாவது போயிருக்க வேண்டும் என்று. தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பலகையைப் பற்றி அவள் அம்மா எப்போதோ போனில் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள். அப்போது, இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று திட்டியவள்தான். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மத்தியானம், மஹேஷ் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தபோது, என்னிடம் வந்து நின்றாள்.

"சித்தி, ஒரே ஒரு தடவை அம்மாகிட்ட பேசணும். என் மேல கோபமான்னு மட்டும் கேக்கணும்."

வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை சொன்னேன். பிறகு பௌடரை எடுத்துவந்தேன்.

கோபம் இல்லை என்று பாகீரதி சொன்னாள். மீரா ஸ்ட்ரைக்கர் மேலிருந்த விரலை எடுக்காமலே அழுதாள். அத்தோடு விடைபெற்றிருக்கலாம். ஆனால் அவளாகவே கேட்டாள், "நான் இப்ப என்ன செய்யணும்மா?" என்று. கேள்வி கேட்டால் பதில் வரத்தானே செய்யும்.

மீரா இந்த ஊருக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜானவிக்கு இங்கே பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று, ஜூனில் சேர்க்கவேண்டும். மஹேஷால் புனே வேலையை விட்டு வரமுடியாது. அதில் அவருக்கும் அவளுக்கும் கொஞ்சம் மனக்கசப்பு, போனில் தினமும் ஏதோ வாக்குவாதம். அதைப் பற்றியும் அம்மா பலகையில் ஒன்றிரண்டு தடவை ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

வந்து என்னோடு இரு என்று மீராவிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா சொல்வதை மகள் கேட்கிறாள். நடுவில் நான் யார்?