கேள்விக்குறிகளாகப் போன கொள்ளிடம் எச்சரிக்கை

என் பெயர் யமுனா, வயது 31, தகப்பனார் பெயர் அழகிரி. கணவர் செந்தமிழனுடன் திருவெறும்பூரில் குடியிருக்கிறேன். திருச்சி தில்லைநகரில் 'கரைக்காவல்' என்ற தனியார் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை பார்த்து வந்தேன். அதை நடத்துபவர் அரவிந்தன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

முக்கொம்பு மேலணையில் தண்ணீர் திறந்துவிடும் தகவலைக் காவிரி, கொள்ளிடம் கரைகளில் விவசாயம் செய்பவர்களுக்கும் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கும் செல்போனில் தமிழில் அனுப்புவதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. எங்கள் சர்வர் செய்தியைத் தயார் செய்து, குறுஞ்செய்தி அனுப்பும் வேறொரு கம்பெனியின் இணைய சேவைக்குக் கொடுக்கும். அவர்கள் அதைச் சந்தாதாரர்களுக்கு அனுப்புவார்கள். ஆடி மாதத் தொடக்கத்தில் அரவிந்தன் பழைய சர்வரை விட்டுப் புதிய சர்வருக்கு மாற்றினார். அதன் பிறகுதான் செய்தி வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது என்று புகார்கள் வந்தன. போன் எடுக்கும் வைஷ்ணவி என்னிடம் சொன்னாள். நான் அரவிந்தனிடம் சொன்னேன். அவர், "பட்டன் போன் வச்சிருக்கறவங்க, தமிழ் எழுத்து வராது. போன் கடையில காட்டச் சொல்லு" என்று வைஷ்ணவிக்கு உத்தரவு போட்டார். ஒருவர் அனுப்பிய கேள்விக்குறிப் படத்தை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பக்கத்தில் சிரிக்கும் பொம்மையும் போட்டார்.

போனில் கோளாறு இருக்கும் என்பதை நான் நம்பவில்லை. பேங்கிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி அதே போன்களில் ஒழுங்காகத்தான் வந்தது. குறுஞ்செய்தி கம்பெனிக்கு எழுதிக் கேட்டதில், தங்களிடம் வரும்போதே கேள்விக்குறிகளாகத்தான் வருகிறது என்று பதில் எழுதினார்கள். அதன் பிறகு, எங்கள் சர்வரிலிருந்து வெளியே போவதை அப்படியே பிடித்துப் பார்த்தேன். எழுத்துகள் கம்ப்யூட்டரிலிருந்து எண்களாக மாறித்தான் வெளியே போகும். எந்த முறைப்படி மாற்ற வேண்டும் என்று எங்கள் புரோகிராமில் எங்குமே சொல்லப்படவில்லை. பழைய சர்வர் யூனிகோட் முறையை இயல்பாகவே எடுத்துக்கொண்டது. புதியதோ ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த முறையை எடுத்துக்கொண்டது. அதில் இடமில்லாத ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. யூனிகோடில் அனுப்பு என்று ஒரு வரி சேர்த்து என் கம்ப்யூட்டரிலிருந்து என் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். தமிழ் சரியாக வந்தது.

இதைக் கண்டுபிடித்தது சம்பவத்தன்று காலையில். உடனே அரவிந்தன் அறைக்குப் போனேன். சர்வரின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான் இருந்தது. மதியம் வேறு மாவட்டத்திலிருந்து சேவையைப் பார்வையிட ஆட்கள் வருவதாகவும், அவர்கள் போகும் வரை சர்வரில் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அவருடைய கம்ப்யூட்டர் திரையில், அனுப்பிய செய்திகள் எல்லாம் 'சென்று சேர்ந்தது' என்று பச்சை நிறத்தில் இருந்தன. கேள்விக்குறி போய்ச் சேர்ந்தாலும் அது பச்சையாகத்தான் காட்டும் என்று சொன்னேன். "பச்சை வருதுல்ல, அது போதும்" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கொள்ளிடத்தில் கூடுதல் தண்ணீர் திறக்கப்படும் என்ற எச்சரிக்கை சர்வரிலிருந்து தானாகவே கிளம்பியது. அதுவும் கேள்விக்குறிகளாகவே போனது. சர்வரைத் தொட வேண்டாம், தண்ணி வருது என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தாவது இன்னொரு முறை அனுப்புங்கள், அது மாறாமல் போகும் என்று கேட்டேன். அவர், "தமிழ்ச் சேவைன்னு காட்டறதுக்கு ஆளக் கூப்பிட்டிருக்கேன். இங்கிலீஷ் எழுத்துல அனுப்பி என்னை அசிங்கப்படுத்தறியா?" என்று கேட்டுவிட்டு, வருகிறவர்களுக்குச் சாப்பாடு வந்துவிட்டதா என்று போனில் விசாரித்தார்.

வெளியே வந்து வைஷ்ணவியும் நானும் கொள்ளிடக்கரை ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தோம். பலர் எடுத்தார்கள். அப்போதுதான், சற்று முன் ஸ்ரீரங்கத்திலிருந்து பிச்சமுத்து என்பவர் கேள்விக்குறி வந்ததாகக் கூப்பிட்டார் என்றும், சார் சொன்னபடி போனைக் கடையில் காட்டச் சொல்லிவிட்டேன் என்றும் வைஷ்ணவி சொன்னாள். அவருக்குத் திரும்பத் திரும்ப அடித்தோம். ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது.

நடந்ததைப் பிறகு பிச்சமுத்து சொல்லத் தெரிந்துகொண்டேன். அவரும் அவர் மனைவி பவுனம்மாளும் கொள்ளிடத்தின் நடுவே மணல் திட்டில் ஆடுகளை மேய விட்டிருந்தார்கள். செய்தி வந்ததும் ஏதோ முக்கியமான தகவல் என்று நினைத்து எங்கள் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். கடையில் காட்டுங்கள் என்ற பதில் கிடைத்ததும், ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும்படி மனைவியிடம் சொல்லிவிட்டுக் கரையேறி, ஸ்ரீரங்கம் வடக்கு வாசல் பக்கம் இக்ரா என்ற பெண் நடத்தும் செல்போன் கடைக்குப் போயிருக்கிறார். இக்ரா போனை அணைத்துக் கழற்றிப் பார்த்துவிட்டு, போனில் ஒன்றுமில்லை, அனுப்பினவர்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பிச்சமுத்து திரும்பி வந்தபோது திட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பவுனம்மாளின் உடல் மறுநாள் நாணல் புதரில் கிடைத்தது.

சேவையைப் பார்வையிட வந்தவர்களைச் சம்பவத்தன்று மதியம் அரவிந்தன் சாப்பிட வைத்து, பச்சைத் திரையைக் காட்டி, ஒரு செய்திகூடத் தவறவில்லை என்று விளக்கினார். அவர்கள் கை தட்டினார்கள். அவர்கள் போன பிறகு நான் சொன்ன அதே வரியைச் சேர்த்துச் சர்வரைச் சரி செய்தார். உடல் கிடைத்த தகவல் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, சேவை முதலிலிருந்தே சரியாக இருந்தது, இறந்தவரின் வீட்டுப் போன்தான் பழுது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மறுத்தேன். "மொத்தமும் கேள்விக்குறியா வந்தா ஏதோ ஆபத்துன்னு புரிஞ்சுக்க வேணாமா அந்தாளு?" என்று கேட்டார். இதைச் சொல்லும்போது டப்பாவில் மீந்திருந்த ஜாங்கிரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

காரியம் முடிந்த பிறகு பிச்சமுத்து ஆபீசுக்கு வந்திருக்கிறார் என்று வைஷ்ணவி போன் செய்தாள். நான் போனேன். அரவிந்தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். பிச்சமுத்து சண்டை போடவில்லை. போனை என்னிடம் நீட்டி, "இதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். வைஷ்ணவி கம்ப்யூட்டரில் அசல் செய்தியை எடுத்துக் கொடுத்தாள். நான் படித்தேன்: "கொள்ளிடத்தில் கூடுதல் நீர் வருகிறது. திட்டுகளில் இருப்பவர்கள் உடனே கரையேறவும்."

இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "அவ கரையேறத்தான் நின்னா. நாந்தான் ஆட்டப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனேன்" என்றார். அதற்குள் அரவிந்தன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அவருடைய ஆதார் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளும்படி வைஷ்ணவியிடம் சொல்லிவிட்டு மறுபடியும் சாத்திக்கொண்டார். பிச்சமுத்து சட்டைப்பையில் கை விட்டு, மடித்து வைத்திருந்த நகலை எடுத்துக் கொடுத்தார். அது பவுனம்மாளுடையது.

அங்கிருந்து நேராக இங்கே வந்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதை நானே படித்துப் பார்த்தேன். கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, நடந்தது இதுதான் என்று உறுதி கூறிக் கீழே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. யமுனா